மூச்சில் எடுத்த எண்ணெய்

“ஏனுங்கக்கா, ஒரு கொழந்தைக்கு எத்தன எண்ணெய் வேணுமுங்க?”

கேட்டது நாச்சிமுத்து. செவ்வாய்க்கு வந்து தரையைக் குடைந்து, அடியில் உறைந்து கிடந்த பனியை முதன்முதலில் எட்டிப் பிடித்தவன். எங்கள் ஊர் குடிக்கிற தண்ணீர் அவன் போட்ட துளையிலிருந்து வருவதுதான். அப்பேர்ப்பட்ட ஆள் அன்றைக்கு என் எண்ணெய் ஆலை வாசலில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நெளிந்தான்.

“தலைக்குத் தேய்க்கவா, தாளிக்கவா?” என்றேன். எனக்கு வேலை கழுத்துவரைக்கும் கிடந்தது.

“அதில்லீங்க. ஊர்ல ஒரு ஆளு கூடுனா…”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அட, உன்ற பொண்டாட்டி இளவேனி மாசமா இருக்கறாளா!”

“மூணு மாசமுங்க.” சொல்லும்போது முகமெல்லாம் பல்லாக இருந்தது. சொல்லி முடித்ததும் அத்தனையும் வடிந்துவிட்டது.

வடியாமல் என்ன செய்யும்? எங்கள் ஊர் புதுச்செங்கோடு. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர்களைக் கூட்டிவந்து தண்ணீர் தேடிய கம்பெனி, கூடவே ஒரு கட்டளையும் போட்டது. ஊரில் ஒரு வாய் கூட வேண்டுமென்றால் அந்த வாய்க்கான பங்கு முன்கூட்டியே கிடங்கில் மிச்சமாக நிற்க வேண்டும். கூடாரத்துக்குள் நெல் விளைகிறது, காய்கறி விளைகிறது, கிழங்கு விளைகிறது, சோயா விளைகிறது. அதிலெல்லாம் மிச்சம் உண்டு. எண்ணெயில் மட்டும் கிடையாது. விளைச்சலில் பாதியைக் கம்பெனி கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விடும். மீதியில் நாங்கள் தாளித்துக்கொள்கிறோம். மூன்று மாதத்தில் அடுத்த கப்பல் வரும். அதற்குள் எண்ணெயில் ஒரு பங்கு மிஞ்சாவிட்டால் நாச்சிமுத்துவும் இளவேனியும் மூட்டை கட்டிக்கொண்டு ஏற வேண்டியதுதான். அப்போது அவளுக்கு ஆறு மாதமாகியிருக்கும். கப்பல் எழும்பும்போது உடம்பை அமுக்கும் அமுக்கில் குழந்தை தங்குமா என்று எங்கள் டாக்டராலேயே உறுதி சொல்ல முடியவில்லை.

“கொஞ்சம் எச்சா அழுத்திப் புழிஞ்சா வராதுங்களா?” என்றான் நாச்சிமுத்து.

“ஏப்பா, இதென்ன செக்கா, புழியறதுக்கு? சோயாவுல எண்ணெயே கொஞ்சந்தான். புழிஞ்சா அதுல பாதி புண்ணாக்குலயே நின்னுக்கும். அதனால கழுவி எடுக்கோணும். காங்கேயத்துல நான் வேல பாத்த ஆலையில ஹெக்சேன்னு ஒரு கரைப்பான் இருந்துச்சு, பெட்ரோலுக்குப் பங்காளி. சோயாவ அவலாட்டத் தட்டி அதுமேல ஊத்துனா, உள்ள இருக்கற எண்ணெய் பூரா அதுங்கூட ஓடியாந்துரும். அப்பறம் சூடு காட்டிக் கரைப்பான வெரட்டிப்போட்டு, எண்ணெய நிறுத்திக்குவோம்.”

“அதையவே இங்கயும் ஊத்தலாமுங்களே?”

“பெட்ரோலுக்கு எங்க போறது, உன்ற மாமனாரு வீட்டுக்கா? அப்பிடியே கெடைச்சாலும் இந்த மூடுன ஊருக்குள்ள அது கசிஞ்சா ஒரு பொறி போதும், அத்தன பேரும் ஒட்டுக்காப் போய்ச் சேந்துரலாம். அதான் இங்க கரியமில வாயு. நாம வெளிய விடற மூச்சு. செவ்வாய்க் காத்துல அது கொள்ளையா இருந்தாலும் புழுதியும் மெலிசுமாக் கெடக்குது, மூச்சுல வர்றத எப்பிடியும் புடிச்சுத்தான ஆகோணும். அதப் புடிச்சு இறுக்கு இறுக்குன்னு இறுக்குனா காத்துமில்லாமத் தண்ணியுமில்லாம ஒரு தினுசா ஆயிரும். சோயாவுக்குள்ள பூந்து எண்ணெயத் தூக்கிக்கிட்டு வரும். இறுக்கத்த விட்டா எண்ணெய் கீழ சொட்டும், காத்து மறுக்கா அடுத்த சோயாவுக்குப் போகும்.”

அவன் குழாய்களை அண்ணாந்து பார்த்தான். “அப்ப எங்க மூச்சுலதான் எண்ணெய் எறங்குதுங்களா?”

“ஆமாஞ்சாமி.”

“அந்த மூச்ச நாங்க கொஞ்சம் நல்லா விட்டா…”

“நீ எட்டூருக்குக் கேக்கற மாதிரி மூச்சு விட்டாலும் அதே எண்ணெய்தான் வரும். போயி வேலையப் பாரு.”

அவன் போன பிறகு எனக்கு மனசே சரியில்லை. பீப்பாயைத் தட்டிப் பார்த்தேன். தட்டினால் கூடுமா என்ன?

ஆனால் கூடியது.

அடுத்த மாதத்தில் ஒரு நாள் அளவுமானி வழக்கமான கோட்டுக்கு மேலே போய் நின்றது. கருவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் இன்னும் மேலே. புண்ணாக்கை எடுத்துச் சோதித்தால், அதில் வழக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய்கூட இல்லை, வறட்டி மாதிரி கிடந்தது. நான் எந்தத் திருகையும் தொடவில்லை, எந்த அழுத்தத்தையும் கூட்டவில்லை. ஏதோ ஒன்று என் ஆலைக்குள் புகுந்து எனக்குத் தெரியாமல் எனக்கு உதவி செய்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியாமல் என் ஆலையில் நல்லது நடந்தாலும் எனக்குக் கோபம்தான் வரும்.

இன்னொன்றும் நடந்தது. எண்ணெயில் ஒரு வாசம் வந்தது. கனிந்து போன வாழைப்பழமும் நகப்பூச்சும் கலந்த மாதிரி, மூக்கின் நுனியில் லேசாகச் சுரண்டும் வாசம். என் எண்ணெய் நாறுகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் யாரும் சொல்வதற்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு டாக்டர் ஞானதீபத்திடம் ஓடினேன்.

ஞானதீபம் தெற்கத்திச் சீமை நாசரேத்துக்காரி. ஊரில் என்னை அதட்டுகிற ஒரே ஆள். கிண்ணத்தை முகர்ந்தாள், கண்ணை மூடினாள், மறுபடி முகர்ந்தாள்.

“ஏட்டி சம்பூரணம், இது நெகப்பூச்சு அழிக்குத தண்ணி வாசம்லா? அசிட்டோன்.”

“அது எப்பிடி என்ற எண்ணெய்க்குள்ள வரும்? இந்த ஊர்ல நெகப்பூச்சே கெடையாது.”

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முகத்தில் இருந்த கேலியைக் காணோம். “நீ எல்லார் மூச்சையும் புடிச்சுத்தானே எண்ணெய் எடுக்க? சொல்லுதேன் கேளு. சாப்பாடு இல்லாத ஒடம்பு தன் கொழுப்பையே எடுத்து எரிக்கும். அப்பம் மூச்சுல இந்த வாசம் வரும். இந்த ஊர்ல யாரோ பட்டினி கெடக்காவ.”

“ஒரு ஆளு மூச்சு இத்தன மணக்குமா?”

“ஒரு ஆளு இல்லட்டி. நெறைய பேரு. பல நாளா.” விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். “உன் காத்து சுத்திச் சுத்தி வருதுல்லா, இதுவும் அதுக்குள்ளயே தங்கித் தங்கிச் சேந்திருக்கும். ஏன் கேக்கேன்னா, அந்தக் காத்தோட இது துளி சேந்தா எண்ணெய் கூடுதலா வருமோ?”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வரும்! கரியமில வாயு எண்ணெயைத் தூக்க ஒற்றைக் கையால் மல்லுக்கட்டும். அசிட்டோன் துளி சேர்ந்தால் அதற்கு இரண்டாவது கை முளைத்த மாதிரி. படித்தவள்தான் நான், இருந்தும் தோன்றவில்லை. யாரோ வயிற்றைக் காயப்போட்டதில் என் பீப்பாய் நிரம்பியிருக்கிறது!

மறுநாள் மத்தியானம் ஞானதீபம் ஒரு குழாயும் கருவியுமாக ரிக்காரர் தெருச் சாப்பாட்டுக்கூடத்துக்குள் நுழைந்தாள். பின்னாலேயே நான். அந்தத் தெருவில்தான் ஆள் அதிகம், அங்கிருந்து ஆரம்பிப்போம் என்பது அவள் கணக்கு.

“வரிசையா வந்து ஊதுங்க.”

ஆம்பளைகளுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. “டாக்டரம்மா, நாங்க குடிக்கறவங்க இல்லீங்க!” என்றார் ஒருவர். “இங்க குடிக்கறதுக்கு என்னங்க இருக்குது?” என்றார் இன்னொருவர், அதில் கொஞ்சம் ஏக்கமும் இருந்தது.

“குடிச்சியாளான்னு கேக்கல, சாப்பிட்டியாளான்னு கேக்கேன். ஊதும்!”

முதல் ஆள் ஊதினார். முள் துள்ளி அந்தக் கோடிக்குப் போனது. இரண்டாவது ஆள். அதே துள்ளல். பெண்கள் ஊதினார்கள். அதைவிடப் பெரிய துள்ளல். அந்தத் தெரு முழுக்கப் பட்டினி! கூடத்தில் சோறு ஆவி பறக்க இருக்கிறது, யார் தட்டிலும் பருக்கை இல்லை.

நான் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பொறுப்பான வேலாத்தா அக்காவைப் பார்த்தேன். அந்த அம்மாள் கரண்டியால் அண்டாவைக் கிண்டிக்கொண்டே எங்கேயோ பார்த்தார்.

“என்னக்கா இது?”

“விரதமுங்க.”

“என்ன விரதம்?”

“சஷ்டி. நாச்சிமுத்து பொண்டாட்டிக்குக் கொழந்த இந்த ஊர்லயே நல்லபடியாப் பொறக்கோணும்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டோம். மாசமா இருக்கறவ அவ எப்பிடி விரதமிருப்பா? அதனால அவளுக்காக நாங்க.”

“சஷ்டி மாசத்துக்கு ரெண்டுதானே வரும்? ரெண்டு நாளு பட்டினிக்கு இப்பிடி முள்ளு துள்ளாதுங்கறாங்க டாக்டரு.”

வேலாத்தா அக்கா கரண்டியை வைத்துவிட்டு, விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். “அது பூமியோட நிலாவுக்குங்க. இங்க உக்காந்துக்கிட்டு அங்கத்த நிலாவுக்கு விரதமிருந்தாச் சாமி ஒத்துக்குமா? எந்த ஊர்ல இருக்கறமோ அந்த ஊரு நிலாவுக்குத்தானுங்க திதி. இங்க ரெண்டு நிலா இருக்குதா, மொதல்ல பெரிய நிலாவுக்குக் கணக்குப் போட்டோம். அது என்னமோ தலைதெறிக்க ஓடுதுங்க. ஒரு நாளைக்கே ஆறு சஷ்டி! அது கட்டுப்படி ஆகலீங்க. அதான் சின்ன நிலாவுக்கு மாத்திக்கிட்டோம்.”

“அதுக்கு எத்தன சஷ்டி?”

“தெனமும் வந்துருதுங்க.” குரல் கொஞ்சம் தாழ்ந்தது. “ராத்திரிக்கு ஒரு துண்டு கெழங்கோட ஓட்டறோமுங்க. சில நாளு ரெண்டு சஷ்டி. ரெண்டு வந்தாலும் ஒரு விரதந்தான். அதுல சலுகை எடுத்துக்கிட்டோம்.”

ஞானதீபம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். “கர்த்தரே! முருகரே திகைச்சுப் போயிருப்பாரு! வருசம் முழுக்க சஷ்டி!” எனக்கும் சிரிப்பு பீறிட்டது. தெருக்காரர்களும் அவமானம் பாதி, சிரிப்பு பாதியாக நெளிந்தார்கள்.

அப்போது ஊதுவதற்காக எழுந்த நாச்சிமுத்து இரண்டடி வைத்தான். குழாயை வாங்கக் கையை நீட்டினான். கை அப்படியே நிற்க, ஆள் சரிந்தான்.

நாலு பேர் தாங்கிப் பிடித்தோம். வாயில் சோயாப் பாலை ஊற்றியதும் கண் திறந்தான். ஒன்றுமில்லைதான். ஆனால் இதே ஆள் இதே நேரத்தில் ரிக் மேடையில் நின்றிருந்தால்? எவருக்கும் அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

“ஏனுங்க, என்ன ஆச்சுங்க?”

வாசலில் இளவேனி. கையில் தட்டு. தினமும் அவளுக்கு முதலிலேயே பரிமாறி, நாங்களெல்லாம் அப்புறம் சாப்பிட்டுக்கொள்கிறோம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் கீழே கிடந்த புருசனையும் காலியான தட்டுகளையும் டாக்டர் கையிலிருந்த குழாயையும் பார்த்தாள். யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை, அவளே வேலாத்தா அக்காவின் முகத்திலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“எனக்கு ரெண்டு கரண்டி எச்சாப் போட்டுப்போட்டு, நீங்கெல்லாம் திங்காமக் கெடந்தீங்களாக்கா?”

“அதொன்னுமில்ல கண்ணு…”

“என்ன ஒன்னுமில்ல? இந்த மனுசன் வுழுந்து கெடக்கறாரு!” அவள் அதோடு நிறுத்தவில்லை. “எம்பட கொழந்த மேல எனக்கு ஆசை இருக்குதுங்க. கொள்ள ஆசை. அதுக்காக ஊரு வயித்தக் காயப்போட்டுத்தான் அது பொறக்கோணும்னா, நான் கப்பல்லயே போறனுங்க. நடக்கறது நடக்கட்டும்.”

தட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறே சரியாக இறங்கவில்லை. டாக்டர் மிரட்டினால் நாலு வாய் சாப்பிடுவாள்.

விஷயம் ஊர் நிர்வாகி கலிவரதனிடம் போனது. விழுப்புரத்துக்காரர். நல்ல மனிதர், கம்பெனி என்றால் மட்டும் நடுக்கம். நானும் ஞானதீபமும் மாறி மாறிச் சொன்னதை நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்.

“பசியா இருந்தா அந்த வாசம் வருது, வாசம் வந்தா எண்ணெய் கூடுது. அப்படின்னா ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டக் குறைச்சாலே…”

அங்கேயே நிறுத்தினார். தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார். எங்களைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

“ஐயோ. எனக்கே இப்படித் தோணுதுன்னா, தலைமையகத்துல இருக்கிறவங்களுக்கு? சாப்பாடும் மிச்சம், எண்ணெயும் மிச்சம். அஞ்சு ஊர வச்சிருக்காங்கம்மா இங்க. அஞ்சுலயும் பட்டினி போட்டுடுவாங்க.” எழுந்து நடந்தார். “எண்ணெய் ஏறினது அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சி. காரணம் கேட்டிருக்காங்க. நான் என்னத்தச் சொல்றது?”

“மொதல்ல பட்டினிய நிறுத்தோணும்,” என்றேன்.

“நிறுத்தினா எண்ணெய் எறங்கிடும். அந்தப் பொண்ணு கப்பல்ல ஏறணும்.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். கடைசியில் மேசையைத் தட்டினேன். “என்ற ஆலைக்கு வேணும்கறது அசிட்டோனா, பசியா?”

“அசிட்டோன்தான்,” என்றாள் ஞானதீபம். சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஏட்டி! அதுக்கு மனுசன் எதுக்கு? அதைச் செய்யுத கிருமி ஒண்ணு உண்டு. காத்துப் படாம மூடி வச்சு, சோறு, கிழங்கு எதையாவது போட்டா, தின்னுட்டு அசிட்டோனா விடும். பழைய காலத்துலயே பெரிய பெரிய தொட்டியில செஞ்சிருக்காவ. எங்கிட்ட குளிர்பெட்டியில தூங்கிட்டுக் கெடக்கு.”

“தின்ன என்ன போடறது?”

“மிச்சம் மீதி போதும்.”

எங்கள் ஊரில் அதுதான் கிடையாது! கிடங்கில் நிற்கிற மிச்சம் வரப்போகும் வாய்க்கு, அதில் கை வைக்க முடியாது. அளந்து போட்ட சோற்றில் எவன் மீதி வைப்பான்? தட்டைக் கழுவவே தேவையில்லாத அளவுக்கு வழித்துவிடுவார்கள். அதனால் ஆளுக்கு ஒரு கவளம் மீதி வைக்க வேண்டும் என்று கலிவரதன் அறிவித்தார். உடனே ரிக்காரர் தெருவில் ரகளை. நாள்கணக்கில் பட்டினிக்கு ஒத்துக்கொண்ட தெரு, ஒரு கவளம் மீதி வைக்க மாட்டேன் என்றது.

“மீதி வெக்கறதா? என்ற கூடத்துலயா?” என்று வேலாத்தா அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். “சோத்தக் கீழ கொட்டறவங்களக் கண்டாலே எனக்கு ஆகாதுங்க.”

“கீழ கொட்டலக்கா. ஒரு கிருமி திங்கப் போகுது. உசுருதானே அதுவும்?”

“உசுருக்குப் போடறதுன்னா அது வேற.” முகம் இளகியது. பிறகு ஒரு நிபந்தனை போட்டார். “ஆனா விரதத்தப் பாதியில அப்பிடியே வுட முடியாதுங்க. வடை பாயாசத்தோட முடிக்கோணும். முருகங்கிட்ட ஞாயமாப் போகோணுமில்ல?”

அப்படியே முடித்தோம். என் பீப்பாயிலிருந்து கணிசமாக எண்ணெய் கொடுத்தேன். சோயா வடை, கிழங்குப் பாயாசம். புதுச்செங்கோட்டில் யாரும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கலிவரதன் கையில் வாளியோடு மேசை மேசையாகப் போய், “ஒரு கவளம், ஒரே ஒரு கவளம்” என்று கெஞ்சினார். நாச்சிமுத்து தன் கவளத்தை வாளியில் போட்டுவிட்டுக் கும்பிட்டான். இளவேனி மட்டும் ஒரு வடையைப் பிட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பானை என்று நாங்கள் சொன்னாலும் அது என்னிடமிருந்த பழைய அழுத்தத் தொட்டிதான். உள்ளே கவளங்கள், கிருமி, இறுக்கமான மூடி. அதற்கப்புறம் வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். தெரு முழுக்கச் சாப்பிட ஆரம்பித்ததும் மூச்சில் இருந்த வாசம் போனது, அளவுமானி சரசரவென்று பழைய கோட்டுக்கே இறங்கியது. காலையில் எழுந்ததும் முதல் வேலை தொட்டியில் காதை வைத்துக் கேட்பது. ஒரு நாள் கேட்டது, குபுகுபுவென்று. குழாயைத் திறந்தால் அழுகல் வாசத்தோடு என் பழைய வாழைப்பழ வாசமும் சேர்ந்து வந்தது. காய்ச்சி இறக்கி, சொட்டுச் சொட்டாகக் காற்றில் கலந்தேன். முள் அசையவில்லை. அசையவில்லை. பிறகு, அம்மாடி, ஏறியது! பழைய உயரத்துக்கு ஏறி அங்கேயே நின்றது. கிடங்கில் ஒரு பங்கு மிஞ்சியது.

ஆனால் மிஞ்சினால் மட்டும் போதாதே. அதைத் தலைமையகம் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர்களோ காரணம் தெரியாமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கப்பல் வர ஒரு வாரம் இருக்கும்போது திரையில் தலைமையகத்து அதிகாரி அம்மாளின் முகம் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார். எண்ணெய் ஒரு முறை ஏறி, இறங்கி, மறுபடி ஏறியிருக்கிறதே, என்ன காரணம், விளக்கமாகச் சொல்லவும்.

கலிவரதன் அறைக்குள் ஊரே அடைந்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். “பானையச் சொல்லிடலாமாம்மா?”

“சொன்னா எப்பிடிக் கண்டுபுடிச்சீங்கன்னு கேப்பாங்க. பட்டினின்னு தெரிஞ்சாப் பானை எதுக்குங்க அவங்களுக்கு? பானைக்குச் சோறு போடோணும். பட்டினிக்கு ஒன்னும் போட வேண்டாம். எது மலிவோ அதத்தான் புடிச்சுக்குவாங்க.”

“அப்ப நீங்களே பேசுங்க. எனக்குப் பொய் சொன்னா நாக்கு ஒட்டிக்கும்.”

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு நாக்கு ஒட்டாது.

“அம்மா, காரணம் சாப்பாடுதான். இங்கே மூச்சில்தான் எண்ணெய் எடுக்கிறோம். வயிறு நிறைந்தவர்களின் மூச்சு எண்ணெயை நன்றாக இழுக்கிறது. முதலில் ஏறியது ஒரு கல்யாண விருந்தால். பலகாரம் தீர்ந்தது, இறங்கிவிட்டது. அதனால் பரீட்சை செய்து பார்ப்போம் என்று வடை பாயாசத்தோடு மறுபடி ஒரு விருந்து போட்டோம். அதன் பிறகுதான் ஏறி, ஏறியபடியே நிற்கிறது. சமையலறைக் கணக்கையும் எண்ணெய்க் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.”

அந்தக் கல்யாணம் யாருக்கு நடந்தது என்று எனக்கே தெரியாது. பட்டினி நாட்களின் சோற்றை விருந்தென்று சமையலறைக் கணக்கில் எழுதிவைத்திருந்த வேலாத்தா அக்கா, பின்னால் “முருகா, மன்னிச்சுரு” என்று முணுமுணுத்தது கேட்டது.

எங்கள் பேச்சு பூமிக்குப் போய்ச் சேர்ந்து பதில் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒருவரும் வெளியே போகவில்லை. இளவேனி வாசலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பை கட்டி வைத்தாகிவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும். நாச்சிமுத்து அவள் கையை விடவே இல்லை.

திரையில் மறுபடி முகம் வந்தது. அந்த அம்மாள் எதையோ புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இரண்டு கணக்கும் பொருந்துகிறது. நாங்கள் எதிர்பார்க்காத முடிவு. எண்ணெய் கூடுகிறது என்றால் தயங்க வேண்டியதில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஐந்து ஊர்களிலும் ஒவ்வொருவரின் சாப்பாட்டையும் கால் பங்கு கூட்டச் சொல்லியிருக்கிறோம். அதற்கு வேண்டியதைக் கப்பலுக்கு அனுப்பும் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் ஒருவர் கூடுவதற்கும் அனுமதி உண்டு. வாழ்த்துகள்.”

அறையில் எழுந்த சத்தத்தில் கூடாரமே பிய்ந்துவிடும் என்று பயந்தேன். கலிவரதன் யாரையோ கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார். நாச்சிமுத்து அவ்வளவு பெரிய உடம்பைக் குலுக்கிக்கொண்டு அழுதான். இளவேனி என் பக்கம் வந்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அக்கா, திங்கறதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா? கண்ணக் கட்டுதுங்க.”

வேலாத்தா அக்கா அண்டாவை நோக்கி ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். ஞானதீபம் என் விலாவில் இடித்தாள். அவள் முகத்தில் மட்டும் கொண்டாட்டம் இல்லை.

“ஏட்டி, மத்த நாலு ஊர்லயும் சாப்பாடு கூடுதுல்லா?”

“கூடட்டும். நல்லதுதானே?”

“அங்க எண்ணெய் கூடுமா?”

கூடாது. எப்படிக் கூடும்? வயிறு நிறைந்தவன் மூச்சில் ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் பார்ப்பார்கள், பொய் வெளியே வரும். ஐந்து ஊரின் சோற்றையும் திரும்பப் பிடுங்குவார்கள். இளவேனியின் அனுமதி என்ன ஆகும் என்பதை நினைக்கவே பயமாக இருந்தது.

“அப்ப அந்தப் பொய்ய நெசமாக்கிப் போடோணும்,” என்றேன்.

ஒரு வாரம் கழித்துக் கப்பல் வந்து நின்றது. எங்கள் ஊரில் ஆள் ஏற்றிக்கொண்டு, மற்ற நாலு ஊர்களிலும் இறங்கி ஏறி, அப்புறம்தான் அது பூமிக்குப் போகும். ஓட்டி இளவயதுப் பெண். இரண்டு பேர் ஏறுவதாக இருந்தது, எங்கே என்று கேட்டாள்.

“ஆளு வரல கண்ணு,” என்றார் வேலாத்தா அக்கா. கையில் துணி சுற்றிய நான்கு பாட்டில்கள். “இதுதான் வருது.”

“என்னதுங்க இது?”

“உறைமோரு மாதிரின்னு வெச்சுக்கயேன். ஊருக்கு ஒன்னு, எண்ணெய் ஆலையில இருக்கறவங்க கையில குடுத்துரு. மூடி வெக்கச் சொல்லு. தெனம் ஆளுக்கு ஒரு கவளம் இதுக்குப் போடச் சொல்லு. அதுல வர்றதக் காய்ச்சி எறக்கி, எண்ணெய் எடுக்கற காத்துல சொட்டுச் சொட்டாக் கலக்கச் சொல்லு. அதுக்கு முன்னால அவங்கள வயிறாரச் சாப்புடச் சொல்லு.”

அந்தப் பெண் பாட்டிலை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள். நாச்சிமுத்து தானே உள்ளே போய், இருக்கைக்கு இரண்டாக வைத்துப் பட்டையை இழுத்து மாட்டினான். இளவேனி வாசலில் நின்று வடையை மென்றுகொண்டே, “ஏனுங்க, இன்னும் சித்த இறுக்கிக் கட்டுங்க” என்று சத்தம் போட்டாள். அவர்கள் இருவருக்கென்று ஒதுக்கிய இருக்கைகளில் எங்கள் ஊர்ச் சோற்றின் மீதி ஜம்மென்று ஏறிப் போயிற்று.